“சிஸ்டர், நீங்களே போட்டுடுங்க”: நர்ஸின் வேலை எல்லை எது வரைக்கும்?

தையல் போடத் தெரியும். மூச்சுக்குழாயில் டியூப் இறக்குவதை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்தாயிற்று. இந்தக் காய்ச்சலுக்கு இந்த ஆன்டிபயாடிக்தான் எழுதப்போகிறார் என்பது டாக்டர் பேனாவைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். வார்டில் ஐந்து வருஷம் நின்ற யாருக்கும் இதெல்லாம் கைவந்துவிடுகிறது. ஆனால் செய்யத் தெரிவது ஒன்று, செய்யும் அதிகாரம் இருப்பது இன்னொன்று. அந்த அதிகாரம் எது வரைக்கும் என்பதைத்தான் நர்ஸிங்கில் ‘ஸ்கோப் ஆஃப் பிராக்டிஸ்’ என்கிறார்கள். இங்கே வேலை எல்லை என்று வைத்துக்கொள்வோம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், சேலம் பக்கங்களிலிருந்து ஜி.என்.எம். (நர்ஸிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்சி. நர்ஸிங் முடித்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களை நினைத்து எழுதப்பட்டது இது. ஓசூரைத் தாண்டினால் பஸ் கட்டணமும் பேச்சும் மட்டும் மாறுவதில்லை, நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சிலும் மாறுகிறது. முதல் சறுக்கலே பலருக்கு அங்கேதான். சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு இருந்தால் போதும் என்று நினைத்து வேலையில் சேர்ந்துவிடுகிறார்கள். கர்நாடகத்தில் வேலை செய்ய, சென்னை கவுன்சிலிடம் தடையில்லாச் சான்று வாங்கி, கர்நாடக மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். “அதெல்லாம் மெதுவா பார்த்துக்கலாம், நாளைக்கே டியூட்டிக்கு வாங்க” என்று ஆஸ்பத்திரி சொல்லலாம். பதிவு இல்லாத நாட்களில் ஏதாவது நடந்துவிட்டால், நீங்கள் செய்த வேலை சரியா தவறா என்று யாரும் கேட்கமாட்டார்கள். முதல் கேள்வியே ‘நீங்கள் இங்கே நர்ஸா?’ என்பதுதான்.

எல்லையை வரைவது யார்?

இதையெல்லாம் நர்ஸ் செய்யலாம், இதையெல்லாம் கூடாது என்று முழுப் பட்டியல் போட்ட ஒரே சட்டப் புத்தகம் நம் நாட்டில் இல்லை. குழப்பத்தின் வேர் இதுதான். எல்லை பல அடுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே சட்டம். நர்ஸிங்கிற்கென்று 1947-ஆம் ஆண்டு இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023-இல் தேசிய நர்ஸிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டம் நிறைவேறியது. ஆனால் எல்லையைக் கறாராகப் பேசுபவை பெரும்பாலும் வேறு துறைச் சட்டங்கள். கருக்கலைப்புச் சட்டம் (1971) அந்த வேலையைப் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. வேறு யார் செய்தாலும் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் கடுங்காவல். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் (2019) 34-ஆம் பிரிவு, மருத்துவராகப் பதிவு இல்லாதவர் மருத்துவத் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மருந்து பிரித்துக் கொடுக்கும் வேலையை 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டுக்கு ஒதுக்குகிறது. ராத்திரி பார்மசியைப் பூட்டிவிட்டு சாவியை நர்ஸ் கையில் கொடுக்கும் சின்ன நர்ஸிங் ஹோம்கள் இதை மறந்தே போய்விட்டன.

அதற்கு அடுத்தது நீங்கள் படித்த பாடத்திட்டமும் கவுன்சிலின் விதிகளும். பிறகு ஆஸ்பத்திரியின் எழுத்துபூர்வமான விதி: யார் கெமோ (புற்றுநோய்) மருந்து ஏற்றலாம், யார் ஆர்டீரியல் (தமனி) ரத்தம் எடுக்கலாம் என்று பெயர் போட்டுக் கொடுக்கும் அனுமதி. கடைசியாக, அந்த வேலையில் உங்கள் சொந்தப் பயிற்சி. கீழே உள்ள அடுக்கு மேலே உள்ளதைச் சுருக்கலாமே தவிர விரிக்க முடியாது. சட்டம் டாக்டருக்கு ஒதுக்கியதை ஆஸ்பத்திரியின் சுற்றறிக்கை நர்ஸுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. நியமனக் கடிதத்தின் கடைசியில் ‘நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் இதர பணிகள்’ என்று ஒரு வரி இருக்குமே, அது லினன் எண்ணுவதற்குப் பொருந்தும், மயக்க மருந்துக்குப் பொருந்தாது.

நடைமுறையில் பார்த்தால் மூன்று வகை வேலை. நோயாளியைக் கவனித்து மதிப்பிடுவது, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவி) தொடங்குவது போன்றவற்றுக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. மருந்து கொடுப்பது, டிரிப் ஏற்றுவது, கதீட்டர் வைப்பது போன்றவற்றைச் செய்வது நீங்கள்தான் என்றாலும் ஆர்டர் வேண்டும். நோயைத் தீர்மானிப்பது, மருந்தை முடிவு செய்வது, அளவை மாற்றுவது, மயக்கம் கொடுப்பது, டிஸ்சார்ஜ் முடிவு எடுப்பது, மரணச் சான்றில் கையெழுத்துப் போடுவது ஆகியவை டாக்டருடையவை. தொல்லை எல்லாம் இரண்டாவதும் மூன்றாவதும் உரசும் இடத்தில்தான்.

டாக்டர் பக்கத்தில் இல்லாமல் நர்ஸ் ஒரு ஊசியை எப்போது போடலாம் என்பதற்குப் பிரசவ அறை நல்ல உதாரணம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் பிரசவ உதவியாளர் வழிகாட்டுதலின்படி, பயிற்சி பெற்ற ஏ.என்.எம். (கிராம சுகாதார நர்ஸ்) அல்லது ஸ்டாஃப் நர்ஸ், குழந்தை பிறந்த உடனே தாய்க்கு ஆக்ஸிடோசின் (கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து) 10 யூனிட் தசையில் போடலாம். தாய்க்கு வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்ஃபேட் 10 கிராமை, பிட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் 5 கிராமாக ஆழமாகப் போட்டுவிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியாக, எந்த நிலையில், அதற்கப்புறம் என்ன என்று ஐந்தும் எழுத்தில் இருக்கின்றன. இப்படி முன்கூட்டியே எழுதி வைத்த உத்தரவுக்கு ‘ஸ்டாண்டிங் ஆர்டர்’ என்று பெயர். “பி.பி. ஏறினால் ஏதாவது போட்டு சமாளிங்க” என்பது ஸ்டாண்டிங் ஆர்டர் ஆகாது. அது டாக்டரின் தூக்கத்துக்கான ஏற்பாடு.

“டாக்டர் சொன்னார், செய்தேன்”

இந்தப் பதிலை ஒரு கவசம் என்று நம்பித்தான் பலர் எல்லையைத் தாண்டுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவைப் படித்துப் பாருங்கள். அலட்சியத்தால் ஒருவர் இறந்தால் 5 வருஷம் வரை சிறையும் அபராதமும். மருத்துவ சிகிச்சை செய்யும்போது பதிவு பெற்ற மருத்துவரால் அது நடந்தால் அதிகபட்சம் 2 வருஷம். ‘பதிவு பெற்ற மருத்துவர்’ என்றால் யார் என்று அதே பிரிவு விளக்கமும் தருகிறது: மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். நர்ஸிங் பதிவேடு அதில் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் எல்லோருக்கும் ஒரே 2 வருஷமாக இருந்தது. இன்றைக்கு, ஒரே அறையில் ஒரே ஊசிக்காக இருவர் மீதும் வழக்கு வந்தால், சொன்னவருக்கு உள்ள சலுகை போட்டவருக்கு எழுதப்படவில்லை. ஓரவஞ்சனை என்று திட்டலாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டு திட்டுவது நல்லது.

1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரி வழக்கையும் ஒவ்வொரு வார்டிலும் பேச வேண்டும். டைஃபாய்டுக்குச் சேர்த்த குழந்தை. ஊசியை டாக்டர்தான் போட வேண்டும் என்று மூத்த குழந்தை மருத்துவர் சொல்லியிருந்தார். டியூட்டியில் இருந்த டாக்டர் அதை நர்ஸிடம் விட்டுவிட்டார். நரம்பு வழியாகப் போனது தவறான மருந்து. குழந்தையின் இதயம் நின்றது, மூளை மீளமுடியாதபடி பாதிக்கப்பட்டது. ஊசி போட்ட நர்ஸ், வேலையைக் கைமாற்றிய டாக்டர், தகுதியில்லாதவரை நர்ஸாக வைத்திருந்த ஆஸ்பத்திரி என்று மூன்று பேர் மேலும் தவறு காணப்பட்டது. நஷ்ட ஈடு குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம். கைமாற்றியவரும் மாட்டினார், வாங்கிக்கொண்டவரும் தப்பவில்லை.

அழுத்தம் என்ன வேஷத்தில் வரும்?

மிரட்டலாக வருவது குறைவு. பாராட்டாக வருவதுதான் அதிகம்: “நீங்க எங்க பி.ஜி. டாக்டர்களைவிட நல்லா பண்ணுவீங்களே.” அல்லது வழக்கமாக வரும்: “இங்க எல்லாரும் பண்றதுதான், நீங்க மட்டும் என்ன?” ஒரிஜினல் சான்றிதழ்கள் எச்.ஆர். அலமாரியில் இருந்தால் யாரும் வாய் திறந்து மிரட்டவே தேவையில்லை. சேரும்போது நகலைக் கொடுத்து, ஒரிஜினலைக் காட்டிச் சரிபார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வருவது போன் ஆர்டர். கன்சல்டன்ட் வீட்டில் இருக்கிறார், ஒயிட்ஃபீல்டில் இருந்து ஜெயநகருக்கு அந்த நேரத்தில் வந்து சேர முடியாது. போன் ஆர்டரே தவறு என்று சொல்ல முடியாது; அதை வாங்கும் முறையில்தான் பிழை. கேட்டதும் மருந்தை எடுக்க ஓடாதீர்கள். முதலில் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே திரும்பப் படியுங்கள். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் போனில் ஒரே மாதிரி கேட்கும், அதனால் ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். இன்னொரு நர்ஸ் கூடவே கேட்கட்டும். தேதி, நேரம், சொன்னவர் பெயர், கேட்ட இருவரின் கையெழுத்து ஆகியவை சார்ட்டில் ஏற வேண்டும். 24 மணி நேரத்துக்குள் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது தரச்சான்று பெற்ற ஆஸ்பத்திரிகளின் வழக்கம். வாட்ஸ்ஆப்பில் வந்தால் குரல் செய்தியை ஏற்காமல், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

சில மருந்துகளுக்குப் போன் ஆர்டரே வாங்கக் கூடாது: கெமோ, போதைப் பட்டியல் மருந்துகள், அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் குளோரைடு 15 சதவீத ஆம்பூல் ஒன்றில் 10 மி.லி. இருக்கும், அதாவது 20 மில்லி ஈக்விவலன்ட். கை நரம்பு வழியாக, கரைத்து, மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் என்ற வேகத்தில் போக வேண்டியதை நேரடியாகத் தள்ளிவிட்டால் இதயம் நின்றுவிடும். பார்க்க டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூல் மாதிரியே இருக்கும். அதனால்தான் பல இடங்களில் அதை வார்டிலேயே வைப்பதில்லை.

இதைவிட வழுக்கும் இடம், குழாய் கேமராவை (ஸ்கோப்) உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அறை. டாக்டரின் இரண்டு கையும் ஸ்கோப்பில், கண் திரையில். “சிஸ்டர், இன்னும் ரெண்டு சிசி.” சிசி என்றால் மி.லி.தான். தூக்க மருந்தான மிடசோலத்தில் ஒரு மி.லி.க்கு 1 மி.கி. உள்ளதும் உண்டு, 5 மி.கி. உள்ளதும் உண்டு. அந்த ‘ரெண்டு சிசி’ 2 மி.கி.யா 10 மி.கி.யா? சிசியில் சொன்ன ஆர்டரை மி.கி.யில் திருப்பிக் கேளுங்கள்: “மிடசோலம் ரெண்டு மில்லிகிராம், சரியா சார்?” டாக்டர் பக்கத்தில் இருக்கிறார், அளவு அவருடையது, எனவே இதுவரை நீங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். “பேஷன்ட் அசையாம பார்த்துக்கங்க, தேவைப்பட்டா நீங்களே போடுங்க” என்ற நொடியில் அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் ஏறிவிடுகிறது. அது மயக்க மருத்துவர் வேலை. மயக்க மருந்தான புரோபோஃபோல் என்றால் பேச்சுக்கே இடமில்லை. மிடசோலத்துக்காவது ஃபுளுமாஜெனில் என்ற முறிமருந்து உண்டு. மூச்சு நின்ற பிறகு புரோபோஃபோலைத் திருப்பி எடுக்க எதுவும் கிடையாது.

பெங்களூரில் தமிழ் நர்ஸுக்கென்றே ஒரு பொறி உண்டு. ஓசூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ வந்த நோயாளிக்குக் கன்னடமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. சர்ஜன் உங்களைக் கூப்பிட்டு, “உங்க ஊர்க்காரங்கதானே, ஆபரேஷனைப் பத்திச் சொல்லி கையெழுத்து வாங்கிடுங்க” என்பார். அத்தைக்கும் அண்ணனுக்கும் தமிழில் நாலு வார்த்தை சொல்வதில் என்ன தப்பு என்றுதான் தோன்றும். சம்மதம் வாங்க வேண்டியவர் சிகிச்சை செய்யும் மருத்துவர். நோய், சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிய பிறகே அது சம்மதம் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. “கர்ப்பப்பையை எடுக்காம விட்டா என்னம்மா ஆகும்?” என்று அந்த அம்மா கேட்டால் நீங்கள் சொல்லும் பதில் மருத்துவ ஆலோசனை ஆகிவிடும். டாக்டர் எதிரில் நிற்க, அவர் சொல்வதை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லுங்கள், நோயாளியின் கேள்வியையும் அப்படியே அவரிடம் சேருங்கள். படிவத்தில் ‘டாக்டர் விளக்கினார், நான் தமிழில் மொழிபெயர்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சாட்சி என்ற கட்டத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள்.

முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த வெற்றுச் சீட்டுக் கட்டு, டாக்டர் பார்க்காமலே நர்ஸ் எழுதும் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இதே ஜாதிதான். சொல்லச் சொல்ல எழுதுவது குற்றமில்லை. நீங்களாக எழுதி அவர் கையெழுத்தை மேலே ஏற்றுவது போலி ஆவணம். இரவு டியூட்டி டாக்டர் பி.ஏ.எம்.எஸ். (ஆயுர்வேத மருத்துவம்) படித்தவர் என்றால், அவர் சொல்லும் அலோபதி மருந்து எந்த கன்சல்டன்ட்டின் ஆர்டர் என்று கேட்டு அந்தப் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

மறுக்கும் முறை

‘மாட்டேன்’ என்ற சொல்லில் தொடங்கினால் பேச்சு சண்டையாகிவிடும். நோயாளியின் நிலை, நீங்கள் செய்து முடித்தது, டாக்டரிடமிருந்து தேவைப்படுவது என்ற வரிசையில் பேசுங்கள். “சார், 12-ஆம் பெட், பி.பி. 84/50, நாடி 128. ஆக்ஸிஜன் போட்டாச்சு, ரெண்டு லைன் ரெடி, கிராஷ் கார்ட் பக்கத்துல இருக்கு. சென்ட்ரல் லைன் நீங்க வந்துதான் போடணும். எத்தனை நிமிஷத்துல வர்றீங்க?” (கிராஷ் கார்ட் என்பது அவசர மருந்து வண்டி, சென்ட்ரல் லைன் என்பது பெரிய நரம்பில் போடும் குழாய்.) கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சொன்னாலும் வரிசை இதுதான். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், சார்ட்டில் எழுத ஒரு நேரம் கிடைக்கும்.

அவர் வரவில்லை என்றால் வார்டு இன்சார்ஜ், நர்ஸிங் சூப்பர்வைசர், நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட், மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் என்று மேலே போங்கள். ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் குறியுங்கள். நோட்டில் ‘டாக்டர் அலட்சியம்’ என்று கருத்து எழுதக் கூடாது. ‘02.10-க்குத் தெரிவிக்கப்பட்டது, நேரில் வரக் கோரப்பட்டது, 02.25-க்கு மீண்டும் அழைப்பு, பதில் இல்லை, 02.27-க்கு சூப்பர்வைசருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று நடந்ததை மட்டும் எழுதினால் போதும், படிக்கிறவர்களுக்கே புரியும். இன்சிடென்ட் ரிப்போர்ட் தனிப் படிவம், அதைக் கேஸ் ஷீட்டோடு கலக்காதீர்கள். வேலையை மறுத்தாலும் நோயாளியை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் அதுவே தனிக் குற்றச்சாட்டாகும்.

உயிர் போகிற நேரத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். சி.பி.ஆர்., ஏ.இ.டி. (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி), மாஸ்க் வைத்து மூச்சு கொடுப்பது ஆகியவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டாம். ஊசி போட்ட மறுநிமிஷம் நோயாளிக்கு மூச்சுத் திணறி, உடம்பு தடித்து, பி.பி. விழுந்தால் பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில் போக வேண்டும், அங்கே நிமிஷங்கள்தான் முக்கியம். எனவே இதற்கு ஸ்டாண்டிங் ஆர்டர் இருக்கிறதா என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரமே கேட்டு, தேதியும் கையெழுத்தும் உள்ளதா என்று பாருங்கள். அவசரத்தில் ஒரு தடவை எல்லை தாண்டியதை நல்லெண்ணம் என்று சொல்லி விளக்க முடியும். ஒவ்வொரு இரவும் ‘அவசரம்’ என்றால் அது ஆள் பற்றாக்குறை. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது கவுன்சில் சொல்லும் அளவு. நாலு பேரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, டாக்டர் வேலையையும் சேர்த்துக் கொடுக்கிற இடங்கள் உண்டு.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஹோம் கேர் வேலையில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே கூப்பிட இன்சார்ஜ்கூட இல்லை. “பழைய சீட்டு இருக்கேம்மா, அதையே இன்னொரு அஞ்சு நாள் போடு” என்று தாத்தாவின் மகன் சொல்வார். முடிந்துபோன சீட்டு ஆர்டர் ஆகாது. ஏஜென்சியின் டாக்டரிடம் புதிய சீட்டைக் கேளுங்கள். செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸை வீட்டில் தொடங்காதீர்கள், அது ஆஸ்பத்திரியில் நடக்கட்டும்.

உள்ளே சொல்லியும் தீரவில்லை என்றால் எங்கே போவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. நர்ஸிங் கவுன்சில் நர்ஸின் பதிவையும் நடத்தையையும் பார்க்கும், ஆஸ்பத்திரியைத் தண்டிக்கும் இடம் அதுவல்ல. தனியார் ஆஸ்பத்திரி மீதான புகாருக்கு, கர்நாடக தனியார் மருத்துவ நிறுவனச் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் பதிவு, குறைதீர் ஆணையம் இருக்கிறது. டாக்டர் மீது என்றால் கர்நாடக மெடிக்கல் கவுன்சில். எங்கே போனாலும் கேட்பது தேதி, நேரம், யார் சொன்னது, யார் கேட்டது. நோயாளியின் கேஸ் ஷீட்டைப் போனில் படமெடுத்து வைக்காதீர்கள், அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். நோயாளி பெயர் போடாமல், பெட் நம்பரும் நேரமும் மட்டும் குறித்த சின்ன டைரி ஒன்று ஹாஸ்டல் பெட்டியில் இருக்கட்டும், அன்றன்றைக்கே எழுதியதாக.